அப்பாகிட்ட சொல்லு

எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதை நிறுத்தியபோது நான் எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடத்தில் இருந்தேன். எண்பதுகளின் நடுவில் மதுரையில் அந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால், டைப்ரைட்டிங்கில் ஹையரா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். விளக்கிச் சொல்லும் அளவுக்கு எனக்கே அது பிடிபட்டிருக்கவில்லை.

நிறுத்தினார்கள் என்று இருவர் தலையிலும் போடுவது நியாயமில்லை. நிறுத்தியது அம்மா. அப்பா அதற்குக் கட்டுப்பட்டார்.

அண்ணன் திருமங்கலம் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். அவன் ஓட்டிப்போன மோட்டார் சைக்கிள் அப்பா வாங்கிக் கொடுத்தது. "வண்டியெல்லாம் வேணாங்க, பஸ்ஸுல போகட்டும்" என்று அம்மா பலமுறை சொல்லிப் பார்த்தாள். "ஆம்பளப் பிள்ள, எம்புட்டு நாளைக்குப் படிக்கட்டுல தொங்கிக்கிட்டுப் போவான்?" என்று அப்பா வாங்கிவிட்டார். வண்டி வந்த அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தவளும் அம்மாதான். அதை அவளுக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன அன்று மாலை, கூடத்தில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். அம்மா அடுப்படி நிலையில் வந்து நின்றாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இனிமே எங்கிட்ட ஒரு வார்த்த பேச வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு."

அப்பா என் பக்கத்தில், முழங்கை இடிக்கும் தூரத்தில் இருந்தார். அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்வதற்காகக் காத்திருப்பவர்போல. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "அப்பா, பேச வேணாமாம்" என்றேன்.

"சரின்னு சொல்லு" என்றார்.

நான் அம்மா பக்கம் திரும்பி, "சரியாம்" என்றேன். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

நான் அழவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். இழவு வீட்டில் பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு உலுக்கியபோதும் இடித்த புளி மாதிரி இருந்தேன். "இந்தப் பொம்பளப் பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது கேட்டது. கேட்டது, அதோடு சரி. பசித்தால் சாப்பிட்டேன். தூக்கம் வந்தால் தூங்கினேன். காலேஜ் பஸ் வந்தால் ஏறினேன்.

வீட்டில் வேலைக்குக் குறைவில்லை. அம்மா சொல்வாள்: "உங்கப்பாவுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? கேஸ் தீந்து நான் மண்ணெண்ணெய் அடுப்போட மல்லுக்கட்டுறது தெரியலையாமான்னு கேளு." நான் கூடத்துக்குப் போய், "அப்பா, கேஸ் தீந்துருச்சு" என்பேன். அப்பா சொல்வார்: "ஆபீஸ்ல ஆடிட்டு நடக்குது, நான் மனுசனா மாடா? ஒரு நா பொறுத்துக்க முடியாதாமா? நாளைக்குப் போயி எழுதிவச்சுட்டு வாரேன்னு சொல்லு." நான் அடுப்படிக்குப் போய், "நாளைக்கு எழுதி வைக்கிறாராம்" என்பேன்.

கே.கே. நகர் வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவுகூடக் கிடையாது. ஒருவர் பேசுவது மற்றவருக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். இருந்தாலும் நான் எழுந்துபோய்ச் சொன்னால்தான் அது சொன்னதாக ஆகும். அதுவரை அது காற்றில் கிடக்கும் பேச்சு. பதில் கிடையாது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு இடி விழவில்லை. இடியை நடுவிலேயே உதிர்த்துவிடக் கற்றுக்கொண்டேன். கோபம், குத்தல், அழுகை எல்லாம் போய் விஷயம் மட்டும் அந்தப் பக்கம் போகும். ஒரு தடவைக்கு ஒரு விஷயம். கேஸ். மாத்திரை. கரண்டு பில். கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது, போவதா வேண்டாமா.

இரண்டாம் வருடம் கம்பைலர் பாடம் வந்தது. மனிதர்கள் எழுதும் நிரலை மெஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிற இன்னொரு நிரலுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். எங்கள் சார் முந்தின நாள் படித்துவிட்டு மறுநாள் எங்களுக்கு நடத்துவார். அதை மறைக்கவும் மாட்டார். "நேத்துத்தான் எனக்கே புரிஞ்சது, சுடச்சுடச் சொல்லிடுறேன்" என்று ஆரம்பிப்பார். அப்படிச் சுடச்சுட ஒரு நாள் வந்ததுதான் இடைநிலைக் குறிமுறை.

மனித மொழியிலிருந்து நேராக மெஷின் மொழிக்குத் தாவ வேண்டாம், நடுவில் ஒரு மொழி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். போர்டில் எழுதினார்: சம்பளம் = அடிப்படை + படி × நாள். இதை நமக்குப் பார்த்தவுடன் புரிந்துவிடும். மெஷினுக்கு ஒரு நேரத்தில் ஒரு காரியம்தான் ஓடும். அதனால் உடைக்க வேண்டும். முதலில், டி1 = படி × நாள். அடுத்து, டி2 = அடிப்படை + டி1. கடைசியாக, சம்பளம் = டி2. இந்த டி1, டி2 எல்லாம் நிரல் எழுதியவருக்குத் தெரியாத பெயர்கள். நடுவில் நாமே வைத்துக்கொள்ளும் தற்காலிகப் பாத்திரங்கள். ஒரு பக்கத்திலிருந்து வாங்கி இன்னொரு பக்கம் கொடுத்ததும் அவற்றின் வேலை முடிந்தது.

"மேல் பாதிக்கு மெஷின் தெரிய வேண்டியதில்ல, கீழ் பாதிக்கு மொழி தெரிய வேண்டியதில்ல" என்றார் சார். "ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கவே வேணாம். நடுவுல இருக்கிறதப் பாத்தாப் போதும். நாளைக்கு மெஷின மாத்துனாலும் மேல் பாதி அப்படியே கெடக்கும்."

வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். மற்றவர்களுக்கு அது புரிய இரண்டு மூன்று வகுப்பு ஆனது. எனக்கு உடனே புரிந்தது. சந்தோஷமெல்லாம் இல்லை. தெரிந்த ஆளைப் பஸ்ஸில் பார்த்ததுபோல் இருந்தது.

புராஜெக்டுக்கு ஒரு சின்ன மொழிக்குக் கம்பைலர் எழுதவேண்டும். இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் அவனியாபுரத்துக்காரர், விவசாயக் குடும்பம், வகுப்பில் கடைசி பெஞ்சு. மேல் பாதி எனக்கு, அதாவது நிரலைப் படித்து இடைநிலைக் குறிமுறையாக உடைத்து ஒரு ஃபைலில் எழுதுவது. அந்த ஃபைலை எடுத்து மெஷின் கட்டளைகளாக மாற்றும் கீழ் பாதி அவருக்கு. அந்தக் காலத்தில் எங்கள் காலேஜில் பையன்களும் பெண்களும் பேசிக்கொள்வது வழக்கமில்லை. பேசினால் அன்று சாயங்காலமே காண்டீனில் கல்யாணம் நடத்திவிடுவார்கள். அதனால் நான் காலையில் ஃபிளாப்பியை லேப் மேஜையில் வைத்துவிட்டுப் போவேன். அவர் மதியம் எடுத்து, தன் ஃபிளாப்பியில் நகல் எடுத்துக்கொண்டு திரும்ப வைப்பார். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. மூஞ்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று சார் சொன்னதை எங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் யாரும் இல்லை.

பிறகு சரஸ்வதி பூஜை வந்தது. கம்ப்யூட்டர் லேபில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எப்போதும் நுழைவோம், அதுவே கோயில் மாதிரிதான். பூஜையன்று கேட்கவே வேண்டாம். வாழைக்கன்று, பொரிகடலை, ஒவ்வொரு டெர்மினல் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். வீட்டில் புத்தகங்களை அடுக்கி வைப்போமே, அதுபோல இங்கே எல்லோருடைய ஃபிளாப்பிகளையும் வாங்கி மணைப்பலகையில் அடுக்கினார்கள். சார் பட்டு வேட்டியோடு வந்து தன் கையாலேயே ஒவ்வொரு ஃபிளாப்பிக்கும் சந்தனம் இட்டார். உறையின் நடுவில் காந்தத் தட்டு தெரிகிற ஜன்னல் இருக்கும். நெற்றி என்று அவருக்குத் தோன்றிய இடம் அதுதான்.

நான் உள்ளே போகவில்லை. வீட்டில் சாவு விழுந்து வருடம் திரும்பவில்லை. பண்டிகை கிடையாது. எங்கள் வீட்டுப் பொருளைப் பூஜையில் வைக்கக்கூடாது என்று என் ஃபிளாப்பியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தேன். கற்பூரம் காட்டியபோது உள்ளே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பூஜை முடிந்து மெஷினைப் போட்டால் ஒரு ஃபிளாப்பியும் படிக்கவில்லை. காய்ந்த சந்தனம் டிரைவுக்குள் போய் அதையும் கெடுத்துவிட்டது. சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "சரஸ்வதி தேவி எல்லாத்தையும் வாங்கிக்கிட்டா" என்று யாரோ சொல்ல, அவரே முதலில் சிரித்தார். வகுப்பில் பிழைத்தது தீட்டு வீட்டு ஃபிளாப்பி ஒன்றுதான். என் மேல் பாதி முழுசாக இருந்தது. அவனியாபுரத்துக்காரரின் கீழ் பாதி போயே போய்விட்டது.

அவர் முதலிலிருந்து எழுதவேண்டியதாயிற்று. அதற்காக என் குறிமுறையைக் காகிதத்தில் அச்சடித்து வரிவரியாகப் படித்திருக்கிறார். ஒரு நாள் லேபில் நான் உட்கார்ந்திருந்த மேஜைக்கே வந்துவிட்டார். சுற்றிலும் தலைகள் திரும்பின.

"ஒண்ணு கேக்கணுங்க. இந்த வரி எதுக்கு? டி2-ல போட்டு, அடுத்த வரியில டி2-வ எடுத்துச் சம்பளத்துல போடுறீங்க. கூட்டுனத நேராச் சம்பளத்துலயே போட்டுட்டா என்ன? டி2 நடுவுல ஒண்ணுமே செய்யலையே. வாங்குது, குடுக்குது. அம்புட்டுத்தேன்."

"அது இல்லாம எப்படிப் போகும்?" என்றேன்.

"அதெல்லாம் போகுங்க. நான் தூக்கிட்டு ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு கொறையும் இல்ல."

அவர் சொன்னது சரிதான். பாடப் புத்தகத்திலேயே பின்னால் ஓர் அத்தியாயம் அதைப் பற்றி இருந்தது. வெறுமனே கைமாற்றிவிடும் வரிகளைத் தேடிப்பிடித்து நீக்குவதற்கென்றே வழிமுறை இருக்கிறது. நான் தலையாட்டினேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியம் கூடவே வந்தது. வாங்குது, குடுக்குது. எங்கள் வீட்டில் டி2-வைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்க்க யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்கும் கிடையாது.

படிப்பு முடியும் முன்பே மெட்ராஸில் வேலை வந்தது. அந்த உத்தரவைப் பார்த்தபோதும் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. கணக்கு மட்டும்தான் ஓடியது. நான் போனால் கேஸ் தீர்ந்ததை யார் சொல்வது? அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவது? வீம்புக்குப் பட்டினி கிடந்தால் யார் வந்து, "சாப்பிட வருவீங்களாம்" என்பது? பேச்சே இல்லாத வீட்டில் இரண்டு பேர் எத்தனை நாள் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அந்த நாட்களில் எனக்கு மிச்சமிருந்த ஒரே உணர்ச்சி அந்தப் பயம்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கைக்காரியத்தை நிறுத்தவில்லை. "அவ போகட்டுமான்னு அப்பாகிட்ட கேளு" என்றாள்.

கூடத்துக்குப் போனேன். நான் போகட்டுமா அப்பா என்று கேட்டிருக்கவேண்டும். வாய் பழக்கத்தில் வந்தது இப்படி: "அவ போகட்டுமான்னு அம்மா கேக்குறாங்க."

அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். "யாரு?" என்று கேட்கவில்லை. "போகட்டும்னு சொல்லு" என்றார்.

என்னைப் பற்றி முடிவெடுத்தார்கள், நான்தான் அதை அங்கேயும் இங்கேயும் சுமந்தேன். அதில் எனக்கென்று ஒரு வார்த்தைகூட இல்லை. அது எனக்குத் தப்பாகவும் படவில்லை.

மெட்ராஸ் போன பிறகும் வேலை விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்குப் போன் போடுவேன். அம்மாவும் அப்பாவும் வந்து காத்திருப்பார்கள். அம்மா பேசிவிட்டு, "மாத்திரையத் தீரத் தீர வாங்கிவைக்கச் சொல்லு" என்று ரிசீவரைப் பக்கத்தில் நிற்கும் அப்பாவிடம் கொடுப்பாள். நான் மெட்ராஸிலிருந்து, "மாத்திரையத் தீரத் தீர வாங்கிவைப்பீங்களாம்" என்பேன். "வாங்கியாச்சுன்னு சொல்லு." ரிசீவர் மறுபடி கைமாறும். "வாங்கியாச்சாம்மா." கேட்டுக்கொண்டிருக்கும் எதிர்வீட்டு அக்கா ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அவ்வளவு நல்லவள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சேதி எதுவும் சொல்லவில்லை. "அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று நானே கேட்டேன். "சொல்றதுக்கு என்ன இருக்கு" என்றாள். அப்பாவைக் கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா, நீ ஒடம்பப் பாத்துக்க" என்றார். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

முற்றிலும் முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். கடைசியில் கேஸும் மாத்திரையும்கூட இல்லாமல் ஆகிவிட்டது. லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்குத் தகவல் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

மதுரையில் இறங்கியபோது விடிந்திருந்தது. எங்கள் தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். கேட்டைத் திறந்து உள்ளே போனேன். கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றப் போகும்போது அம்மாவின் குரல் கேட்டது.

"ஏய்யா, இட்லி ஆறிப்போகுது. அப்பாவ வந்து உக்காரச் சொல்லு."

யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். கூடத்தில் அப்பா மட்டும் பேப்பரோடு இருந்தார். அம்மா அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் இருந்த அண்ணன் படத்தை.

"இந்தப் பக்கத்த முடிச்சுட்டு வாரேன்னு சொல்லுப்பா" என்றார் அப்பா. அவரும் படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஆமா, பேப்பர்ல இவரு பேரு வந்திருக்கு, தேடுறாரு. சட்டினியில உப்பு இல்லன்னு மூஞ்சியத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிரு. உப்பு வாங்கிட்டு வரச் சொல்லி ரெண்டு நாளாச்சு."

"மறந்துபோச்சுன்னு சொல்லுடா. வயசாகுதுல்ல. உங்கம்மாவுக்கு மட்டும் கொமரின்னு நெனப்பு."

அவன் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாலே மற்றவர் எழுந்து போய்விடுவார். அவன் செத்ததால்தான் பேச்சு நின்றது. இப்போது அவன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சுமந்த காலத்தில் உதிர்த்துப்போட்ட சலிப்பும் கேலியும் குத்தலும் எதுவும் குறையாமல் அதில் இருந்தன. அவன் எதையும் உதிர்க்கவில்லை.

அண்ணன் செத்த அன்று வராத அழுகை எனக்கு அங்கே, செருப்புக் காலோடு, ஜன்னலுக்கு வெளியில் வந்தது. நிம்மதியால் வந்தது. அவன் இல்லையே என்று வந்தது. பொறாமையாலும் வந்தது, அதை மறைப்பதற்கில்லை. அத்தனை நாள் நடந்தவள் நான். சுவரில் சும்மா இருந்துகொண்டு அவன் அதை என்னைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். "வாரேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மா. "மெலிஞ்சுட்ட" என்றார் அப்பா. பல் விளக்கிவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா இட்லித் தட்டோடு வந்தாள். அப்பாவின் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பழைய வேலைக்காரி வந்துவிட்டாள் அல்லவா.

"இன்னும் ரெண்டு வைக்கவான்னு அப்பாகிட்ட கேளு."

வாய் திறந்துவிட்டேன். அப்பாவும் என் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன்.

"அண்ணே" என்றேன். அவன் போனதிலிருந்து அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. "அப்பாவுக்கு இன்னும் ரெண்டு வைக்கவான்னு அம்மா கேக்குறாங்க."

அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்பா குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அப்பா தட்டை அம்மா பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணு போதும்னு சொல்லுடா" என்றார்.

அம்மா இரண்டு வைத்தாள்.